ஒரு பங்குக் கிணறு, மூன்று முறைக்காரர்கள், 2 கிலோபைட் நினைவகம்: களக்காட்டுப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் முகவர் மென்பொருள்

களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போடும் தோட்டங்களில் பங்குக் கிணறு சாதாரணம். தாத்தா வெட்டிய கிணறு, இப்போது மூன்று பங்காளிகள், பொதுவில் ஒரே ஒரு ஏழரை எச்பி மோட்டார். யார் எந்த நாள் பாய்ச்சுவது என்பது எழுதாத முறை. மாற்ற வேண்டியிருந்தால், “எம் முறைய இன்னைக்கு நீ எடுத்துக்கோ, நாளான்னைக்கு உன்னுதுல நான் பாய்ச்சிக்கிடுதேன்” என்று வரப்பிலேயே பேசி முடித்துவிடுவார்கள். சிக்கல் கரண்டில்தான் இருக்கிறது. மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும். பகலில் கொஞ்சம், இரவில் கொஞ்சம். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடிவிடும். மண் ஏற்கெனவே ஈரமா, இன்று யார் முறை, எந்த வால்வு திறந்திருக்கிறது என்பதெல்லாம் ஸ்டார்ட்டருக்குத் தெரியாது.

அப்படி ஒரு கிணற்றில், முடிவெடுக்கும் வேலையைச் சின்னஞ்சிறு கருவிகளில் ஓடும் முகவர்களிடம் (ஒருவர் சார்பில் தானே பார்த்து முடிவெடுக்கும் மென்பொருள்) ஒப்படைத்ததைப் பற்றியது இந்த ஆய்வு. தோட்டத்தில் ஆறு மண்ஈர நோடுகள் (மண்ணின் ஈரத்தை அளந்து ரேடியோவில் சொல்லும் சிறு பெட்டிகள், பங்குக்கு இரண்டு), மோட்டார் ரூமில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, பங்காளிகள் கையில் மூன்று போன்கள். போன்களில் இரண்டு ஆண்ட்ராய்டு, ஒன்று பட்டன் போன். மேகக்கணினி கிடையாது. மலையடிவாரத்தில் டவர் கிடைக்காத நேரம் உண்டு. கரண்ட் வருகிற இரவு நேரத்திலும் முடிவு தேவைப்படும்.

இதற்கு முகவர் எதற்கு, நாலு நிபந்தனை வரி எழுதினால் போதாதா என்று கேட்கலாம். ஒரே உரிமையாளர் என்றால் போதும். அங்கே முகவர் என்று பேசுவதே வீண். மூன்று பேர், மூன்று விருப்பம், ஒரு மோட்டார் என்று ஆகும்போதுதான் ஒவ்வொருவர் சார்பிலும் தனித்தனியாக நின்று பேசும் மென்பொருள் கைகொடுக்கிறது. ஒரு பங்கின் விதியை மாற்றினால் மற்ற இரண்டும் கெடாது. தகராறு வந்தால், யாருடைய முகவர் என்ன நம்பி என்ன கேட்டது என்று எடுத்துக் காட்டலாம்.

அடிப்படை மாதிரி பழையது: நம்பிக்கை, விருப்பம், உறுதி என்ற மூன்றடுக்கு. முகவர் உலகைப் பற்றிச் சிலவற்றை நம்புகிறது, சிலவற்றை விரும்புகிறது, அவற்றுள் ஒன்றைச் செய்வதென்று உறுதிகொள்கிறது. இதை நிரலாக எழுத ஆனந்த் ராவ் 1996-இல் முன்வைத்த ஏஜென்ட்ஸ்பீக் மொழி இன்றும் ஜேசன் போன்ற கருவிகளில் வாழ்கிறது. சிறு கருவிக்கு இதைக் கொண்டுபோகும் முயற்சியும் புதிதல்ல. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவான ஏஎஃப்எம்ஈ பழைய ஜாவா போன்களில் ஓடியது. 2005-வாக்கில் வந்த அஜில்லா, 4 கிலோபைட் நினைவகமே உள்ள மைக்கா2 மோட்டுகளில் (உணரி பொருத்திய குட்டிக் கணினிகள்) ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்கு முகவரையே குடிபெயர வைத்தது. இங்கே அவற்றில் எதையும் அப்படியே எடுக்கவில்லை. யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டவணையாகச் சுருக்கியிருக்கிறது.

யார் எங்கே குடியிருப்பது

முதல் வரைவில் ஒவ்வொரு நோடும் முழு முகவர். நோடுகள் தமக்குள் ரேடியோவில் பேரம் பேசி முறையை முடிவுசெய்ய வேண்டும். ரீட் ஸ்மித் 1980-இல் எழுதிய ஒப்பந்த வலை நெறிமுறைதான்: ஒருவர் வேலையை அறிவிப்பார், மற்றவர் கேட்புத்தொகை சொல்வார், அறிவித்தவர் ஒருவரைத் தேர்வார். காகிதத்தில் அழகு. மின்கணக்கு போட்டுப் பார்த்ததும் அது நிற்கவில்லை.

நோடில் இருப்பது 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி சில்லு, எஸ்எக்ஸ்1276 லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் வகை), ஏஏ அளவுள்ள 600 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். இந்தச் செல் 3.2 வோல்ட்டிலேயே நிற்பதால் ரெகுலேட்டர் தேவையில்லை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம்; ரேடியோ அங்கேதான் பேசுகிறது. எண்கள் இப்படி வரும்:

யோசிப்பது: ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி, சுமார் 3.5 மில்லிஆம்பியர். அதாவது 0.035 மில்லிஆம்பியர்-வினாடி.

பேசுவது: 16 பைட் செய்தி, பரவல் காரணி (தூரம் கூட்டுவதற்காகச் செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) 10, அலைவரிசை அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் காற்றில் 330 மில்லிவினாடி. 17 டிபிஎம் திறனில் ரேடியோ 87 மில்லிஆம்பியர் இழுக்கும். ஒரு செய்திக்கு சுமார் 29 மில்லிஆம்பியர்-வினாடி. யோசிப்பதைப் போல் எண்ணூறு மடங்கு.

தூங்குவது: வாட்ச்டாக் (சில்லை எழுப்பிவிடும் உள் டைமர்) மட்டும் விழித்திருக்க எல்லாம் சேர்த்து 5 மைக்ரோஆம்பியர் அளவு, நாளுக்கு 0.12 மில்லிஆம்பியர்-மணி.

கேட்பது: ரேடியோ காதைத் திறந்து வைத்திருக்க சுமார் 11 மில்லிஆம்பியர். நாள் முழுக்கத் திறந்திருந்தால் 264 மில்லிஆம்பியர்-மணி.

கடைசி வரிதான் வடிவமைப்பைத் தீர்மானித்தது. கால் மணிக்கொரு முறை அளந்து, நாளுக்கு 96 தடவை பேசினாலும் மொத்தச் செலவு 1.2 மில்லிஆம்பியர்-மணிதான், அந்தச் செல் கணக்குப்படி ஓர் ஆண்டுக்கு மேல் வரும். காதைத் திறந்து வைத்தாலோ மூன்றாம் நாள் வராது. பேசினால் பேட்டரி தீரும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள்; தின்பது கேட்பதுதான். பேரம் என்றால் எதிர்ப்பக்கம் எப்போது பேசும் என்று காத்திருக்க வேண்டும். பேட்டரியில் வாழும் கருவிக்கு அது கட்டாது.

ஆகவே பங்கு முகவர்கள் மூன்றும் மோட்டார் ரூமுக்குக் குடிமாறின. அங்கே இஎஸ்பி32 சில்லு, 520 கிலோபைட் நினைவகம், மின்சாரம், கரண்ட் இல்லாத நேரத்துக்கு 6000 மில்லிஆம்பியர்-மணிச் செல். மூன்றும் ஒரே சில்லில் இருப்பதால் பேரம் நினைவகத்துக்குள்ளேயே முடிகிறது. வயலில் இருக்கும் நோடு முகவருக்கு ஒரே வேலை: அளப்பது, இப்போது பேச வேண்டுமா என்று யோசிப்பது. பேசி முடித்த ஒரு வினாடி கழித்து அரை வினாடி மட்டும் காதைத் திறக்கும். மோட்டார் ரூம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அந்த இடைவெளியில்தான் சொல்ல வேண்டும்.

நோடு முகவரின் புத்தி எல்லாம் அடுத்து எப்போது விழிப்பது என்பதில் இருக்கிறது. கடைசி அளவுகளின் நகரும் சராசரியிலிருந்து மண் காயும் வேகத்தைக் கணிக்கிறது. முழு எண்ணில் கூட்டி மூன்று பிட் தள்ளினால் போதும். தசம எண் வேண்டாம். வரம்புக்குத் தொலைவில் இருந்தால் மூன்று மணிக்கொரு முறை மட்டும் ‘உயிரோடிருக்கிறேன்’ என்கிறது. நெருங்கினால் 45 நிமிடத்துக்கு ஒரு முறை. சாதாரண நாளில் பத்துச் செய்தி அளவில் நிற்கும், செலவு 0.3 மில்லிஆம்பியர்-மணி.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கணக்கில் எழுதாத ஒன்று. இந்தச் சில்லோடு கடையில் வாங்கும் புரோ மினி பலகையில் பவர் எல்ஈடியும் ரெகுலேட்டரும் சேர்ந்து 2 மில்லிஆம்பியர் குடித்தாலே நாளுக்கு 48 ஆயிற்று. செல் பன்னிரண்டு நாளில் காலி. எல்ஈடியின் தடையைச் சூட்டுக்கோலால் எடுத்துவிட்டு, ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, தூக்க மின்னோட்டத்தை மைக்ரோஆம்பியர் வரம்பில் அளந்து பார்த்த பிறகே பெட்டியை மூட வேண்டும். 20 மைக்ரோவுக்கு மேல் காட்டினால் சில்லின் ஏதோ ஒரு கால் எதோடும் இணையாமல் மிதக்கிறது, அல்லது உணரியின் மின்சாரம் அணையவில்லை.

2048 பைட்டுக்குள் ஒரு மனது

ஏடிமெகாவில் நினைவகம் 2 கிலோபைட். இதில் எழுத்துச் சரங்களை ஒப்பிட்டு விதி தேடுவது நடக்காத காரியம். விதிகளை கணினியிலேயே எண்களாக மாற்றி அட்டவணையாக இறக்குகிறது. ஒரு நம்பிக்கைக்கு 6 பைட்: பெயர் எண் 1, மதிப்பு 2, பதிந்த நிமிடம் 2, எங்கிருந்து வந்தது 1. இருபத்துநான்கு நம்பிக்கைக்கு 144 பைட். ஒரு விதிக்கு 8 பைட்: மூன்று நிபந்தனைகள் இரண்டிரண்டு பைட்டாக, செயல் ஒன்று, வயது வரம்பு ஒன்று. வயது வரம்பு பத்து நிமிட அலகில் எழுதப்படுவதால் ஒரே பைட்டில் 42 மணி நேரம் வரை அடங்கும். இருபத்துநான்கு விதிக்கு 192 பைட், இவை இஇப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்). சுற்றுக்கு ஒரு முறை எல்லா விதியையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டினாலும் 10 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். தேடலை வேகப்படுத்தும் சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை; அந்த நிரலே இடத்தைத் தின்றுவிடும்.

ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவது தடை. ஸ்ட்ரிங் வகையை (எழுத்துச் சரத்துக்கு அவ்வப்போது நினைவகம் வாங்கும் வகை) ஒரே ஓர் இடத்தில் பயன்படுத்தினாலும் நினைவகம் துண்டு துண்டாகி, சில நாள் கழித்துக் காரணம் புரியாமல் மறுதொடக்கம் ஆகும். அடுக்கு (நிரல் ஓடும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி) எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க, தொடக்கத்தில் காலி நினைவகம் முழுக்க ஒரே குறியீட்டை நிரப்பி வைத்து, அழியாமல் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு உயிர்ச்செய்தியோடும் அனுப்பலாம். மிச்சம் 200 பைட்டுக்குக் கீழே போனால் அந்தப் பதிப்பை வயலுக்கு அனுப்பக் கூடாது.

பழைய நம்பிக்கை

இந்த அமைப்பில் நடந்த பிழைகளுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை: முகவர் நம்புவது ஒரு காலத்தில் உண்மை, இப்போது இல்லை.

2-ஆம் பங்கின் கிழக்கு நோடு ‘காய்ந்தது’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு அடங்கிப்போனது. ஆன்டெனா இணைப்புக்குள் தண்ணீர். அன்று மாலை நல்ல மழை. மோட்டார் ரூமில் அந்தப் பங்கின் முகவர் ‘காய்ந்தது’ என்பதையே பிடித்துக்கொண்டிருந்தது. இரவு மும்முனை வந்ததும் சேறான வயலுக்கு முழு நேரமும் தண்ணீர் ஓடியது. விதியில் தப்பில்லை. அதன் பழைய வடிவம் இது:

மண்(2, காய்ந்தது) + மும்முனை(உண்டு) + முறை(2) → உறுதிகொள் ஓட்டு(2)

திருத்திய வடிவம்:

மண்(2, காய்ந்தது, வயது < 90 நிமிடம்) + மும்முனை(உண்டு, வயது < 1 நிமிடம்) + முறை(2) → உறுதிகொள் ஓட்டு(2)

90 நிமிடம் என்பது 45 நிமிட உயிர்ச்செய்தியில் இரண்டு. ஒன்று காற்றில் தொலைந்தால் பொறுக்கலாம், இரண்டும் தொலைந்தால் நம்பக் கூடாது. மாற்றம் இருந்தால் மட்டும் பேசு என்று நோடுக்குச் சொல்லிவிட்டால் அதன் மௌனத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது: ஒன்றும் மாறவில்லை, அல்லது ஆளே இல்லை. உயிர்ச்செய்தி இல்லாமல் சிக்கன அறிக்கை வைப்பது ஆபத்து.

எல்லா நம்பிக்கைக்கும் ஒரே வயது வரம்பு வைப்பதும் சரியல்ல. மோட்டாரைப் போடச் சொல்லும் நம்பிக்கை புதிதாக இருக்க வேண்டும். போடாதே என்று சொல்லும் ‘ஈரம்’ 12 மணி நேரப் பழையதானாலும் பாதகமில்லை. வாழை அரை நாள் காத்திருக்கும். நம்பத்தக்க செய்தி எதுவுமே இல்லாவிட்டால் பகல் நேரத்தில் மட்டும் பாதி முறை ஓட்டி, உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போகும்.

வயதைக் கணக்கிடுவதிலேயே இரண்டு பொறி உண்டு. நிமிடத்தை இரண்டு பைட்டில் வைத்தால் 65,536 நிமிடத்தில், அதாவது நாற்பத்தைந்தரை நாளில், எண் சுற்றி வந்துவிடும். ஒன்றரை மாதமாகச் செத்துக் கிடக்கும் நோடின் செய்தி திடீரென்று ‘இப்போதுதான் வந்தது’ போலத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் 24 மணி நேரம் தாண்டிய மண் நம்பிக்கைக்குச் ‘செத்தது’ குறி போட்டுவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று கடிகாரம். ஆழ்ந்த தூக்கத்தில், நோடின் நிரலுக்கு அடிப்படையான ஆர்டுயினோவின் மில்லிவினாடிக் கணக்கு நின்றுவிடும்; வாட்ச்டாக்கின் 8 வினாடிகளை எண்ணித்தான் நேரம் அறிய வேண்டும். அந்த டைமரை ஓட்டும் அலையாக்கி சில்லுக்குச் சில்லு, வெயிலுக்கு வெயில் மாறும். 10 சதவீதம் பிசகினாலே நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் மோட்டார் ரூம் ஒவ்வொரு ஒப்புகையிலும் (செய்தி கிடைத்தது என்று அனுப்பும் பதில்) சரியான நேரத்தைச் சொல்லி அனுப்புகிறது.

அதிலும் ஒரு வினை வந்தது. நேரம் சரியானதும் ஆறு நோடும் கால் மணிப் புள்ளியில் ஒன்றாக விழித்து ஒன்றாகக் கத்தத் தொடங்கின. செய்திகள் மோதி அழிந்தன. கடிகாரம் பிசகியிருந்தபோது இந்தத் தொல்லை இல்லை! நோடு எண்ணை 20 வினாடியால் பெருக்கி அவ்வளவு தள்ளி விழிக்க வைத்ததில் சரியானது.

வளரும் தோட்டத்தில் ரேடியோ

கன்று நட்ட புதிதில் நோடு வைத்துப் பார்த்தால் சிக்னல் பளிச்சென்று இருக்கும். அதை நம்பி முழங்கால் உயரக் குச்சியில் ஆன்டெனா வைத்தால், ஐந்தாறு மாதத்தில் இலை மூடியதும் செய்தி குறையத் தொடங்கும். வாழை முழுக்கத் தண்ணீர். இலையும் தண்டும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும், மழை நனைத்த இலை இன்னும் மோசம். ஆன்டெனாவைத் தொடக்கத்திலேயே மரத்தின் முழு உயரத்துக்கு மேலே, நாலு மீட்டர் ஜிஐ பைப்பில் ஏற்றிவிட வேண்டும். ஆன்டெனாவாக வைக்கும் கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் நாலிலொரு பங்கு) 8.6 செண்டிமீட்டர். இணைப்பைச் சுயமாக ஒட்டும் ரப்பர் நாடாவால் சுற்றி, கேபிளைப் பெட்டிக்குள் விடுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆடிக் காற்றில் வாழையே சாய்கிற பூமி இது. பைப்பை வாழைக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்போடு சேர்த்துக் கட்டாமல் தனியாக ஊன்ற வேண்டும்.

பரவல் காரணியை 12-க்கு ஏற்றினால் தூரம் கூடும். ஆனால் அதே 16 பைட் 1.3 வினாடி காற்றில் நிற்கும்; 7-இல் வெறும் 51 மில்லிவினாடி. முதலில் ஆன்டெனாவின் உயரத்தைக் கூட்டுங்கள், பிறகு காரணியைத் தொடலாம்.

அந்த 16 பைட்டின் பங்கீடு: நோடு எண் 1, வகை 1, வரிசை எண் 2, மூன்று அளவுகள் 6, மின்கல வோல்ட் 1, விதித்தொகுப்பு எண் 1, முத்திரை (அனுப்பியது நம் நோடுதான் என்று காட்டும் ரகசியக் குறி) 4. முத்திரை இல்லாவிட்டால் அதே பலகையை வாங்கி வைத்திருக்கும் யாரும் ‘காய்ந்தது’ என்று கூவலாம். வரிசை எண், பழைய செய்தியை ஒட்டுக்கேட்டுத் திரும்ப அனுப்புவதைத் தடுக்க. அதை ஒவ்வொரு செய்திக்கும் இஇப்ராமில் எழுதினால், 96 செய்தி போகிற அமைப்பில் 1,00,000 முறை எழுதும் ஆயுள் மூன்றாண்டுக்குள் முடியும். பதினாறுக்கு ஒரு முறை எழுதி, மறுதொடக்கத்தில் பதினாறு தாண்டிக் குதித்தால் போதும்.

முறையும் கடனும்

மூன்று பங்கு முகவர்களும் அவ்வப்போது தத்தம் தேவையை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்கின்றன: மண் காய்ச்சல், அதோடு பயிரின் பருவம், குலை தள்ளும் நேரத்துக்கு எடை அதிகம். அதிகத் தேவை உள்ளவருக்குத் தண்ணீர் என்று வைப்பதுதான் ‘திறமையான’ பங்கீடு. அப்படி வைக்கவில்லை. பங்கு என்பது பத்திரத்தில் உள்ள உரிமை. மென்பொருள் அதை மாற்றக் கூடாது. முறைக்காரர் தேவை 30-க்கு மேல் இருந்தால் தண்ணீர் அவருக்கே. அவருக்கு வேண்டாதபோதுதான் அடுத்தவர் கேட்கலாம்; வாங்கிய நிமிடங்கள் கடனாகப் பதியும், 240 நிமிடத்துக்கு மேல் கடன் கிடையாது. குளத்துப் பாசனத்தில் நீர்பாய்ச்சி செய்யும் வேலையைப் போன்றது: மடையைத் திறப்பார், பங்கை மாற்ற மாட்டார்.

இதில் நோடு வைக்கும் இடம் அரசியல். யாரேனும் தன் நோடை மேட்டுப் பாத்தியில் வைத்தால் அவர் மண் எப்போதும் ‘காய்ந்தே’ இருக்கும். மூவரும் நின்று பார்த்து, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, 25 செண்டிமீட்டர் ஆழத்தில் என்று எல்லாப் பங்குக்கும் ஒரே மாதிரி வைத்தார்கள்.

உறுதியை எவ்வளவு எளிதில் கைவிடலாம் என்பதும் முகவர் வடிவமைப்பில் பழைய கேள்வி. வினாடிக்கு வினாடி மறுபரிசீலனை செய்யும் முகவர், அளவு வரம்பில் ஊசலாடும்போது மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தும், சுருள் எரியும். ஓட்டத் தொடங்கினால் பத்து நிமிடம், நிறுத்தினால் ஐந்து நிமிடம் மண் அளவைப் பொருட்படுத்தாது. விதிவிலக்கு மூன்றே: ஒரு முனை போவது, மின்னோட்டம் எகிறுவது, கிணறு வற்றுவது. ஏழரை எச்பி மோட்டார் 415 வோல்ட்டில் 11 ஆம்பியர் அளவில் ஓடும். அந்த மோட்டாரின் வழக்கமான ஓட்டத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே பத்து வினாடி நின்றால் தண்ணீர் இல்லை என்று பொருள்.

மோட்டார் ரூம்

முகவரின் ரிலே ஸ்டார்ட்டருக்கு மாற்று அல்ல, அதன் பொத்தானை அமுக்கும் விரல் மட்டுமே. பச்சைப் பொத்தானுக்கு இணையாக இரண்டு வினாடி மூடும் ரிலே. சிவப்புப் பொத்தானோடு தொடராக, சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் ரிலே. சில்லு செத்தாலும் கையால் போடலாம், நிறுத்தலாம். ஓவர்லோடு ரிலேயைத் தொடவே கூடாது.

வால்வுக்கு டயாஃப்ரம் வகை சோலனாய்டு வாங்கினால், வாய்க்காலில் திறந்து விழும் குழாயில் அழுத்தம் போதாமல் சரியாக மூடாது. மோட்டார் வைத்த பட்டர்ஃபிளை வால்வு மெதுவாகத் திரும்பினாலும் நம்பலாம். வரிசை முக்கியம்: வால்வு திறந்துவிட்டது என்ற எல்லைச் சுவிட்சின் செய்தி வந்த பிறகே மோட்டார், மோட்டார் நின்ற பிறகே வால்வு மூடுதல்.

கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச்) சுருள் விடும்போது எழும் பொறி இஎஸ்பி32-ஐ மறுதொடக்கம் செய்யும். சுருளுக்கு இணையாக 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக வைத்தால் அடங்கும். மறுதொடக்கம் ஆனாலும் முகவர் தன் உறுதியை மறக்கக் கூடாது: எந்தப் பங்குக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்பது நிமிடத்துக்கு ஒரு முறை, கரண்ட் போனாலும் அழியாத எஃப்ராம் சில்லில் பதிகிறது. சில்லு ஊசியில் அனலாக் அளவு எடுக்கும்போது ஏடிசி2 ஊசிகளைத் தவிர்க்கவும். வைஃபை ஓடும்போது அவை வேலை செய்யாது. நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் அடாப்டருக்கு 400 வரை ஏறும். அதனால் இரண்டு முனைகளுக்கு இடையே எடுக்கும் 440-க்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இங்கே சரி, பேனல்காரர்கள் வழக்கமாகப் போடுவதும் அதுதான். மும்முனை வந்ததும் 30 முதல் 180 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து தொடங்குகிறது. அந்த லைனில் உள்ள எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒரே நொடியில் இழுத்தால் வோல்டேஜ் விழும்.

கன்டென்சர் வைத்து இரண்டு முனையில் ஓட்டும் வழக்கம் உள்ள ரூம் என்றால், ‘மும்முனை உண்டு’ என்ற புலனைக் கன்டென்சருக்கு முன்பக்கம் எடுங்கள். பின்பக்கம் எடுத்தால் முகவருக்கு எப்போதும் மூன்றும் இருப்பதாகத் தோன்றும்.

பல்லி, எறும்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரிலே முனைக்கு நடுவே எறும்பு நசுங்கினால் தொடர்பு கிடைக்காது. மூடிய ரிலே, கீழ்ப்பக்கம் மட்டும் கேபிள் நுழைவு, நுழைவில் சிலிகான். பெட்டியைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிப் பக்கம் மோட்டார் ரூம்கள் எப்படி மூழ்கின என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போன்

ஆண்ட்ராய்டில் முகவரை எப்போதும் ஓட வைக்க நினைப்பது வீண் சண்டை. ஆண்ட்ராய்டு 6 முதல், போன் சும்மா கிடந்தால் செயலிகளை அடக்கிவைக்கும் டோஸ் தூக்கம் உண்டு. 8 முதல் பின்னணிச் சேவைக்குக் கட்டுப்பாடு. பின்னணி வேலைக்கு ஆண்ட்ராய்டு தரும் வொர்க்மேனேஜரில் மீள்வேலைக்குக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். இவை போதாதென்று, பேட்டரி சேமிக்கிறேன் என்று செயலியையே கொன்றுவிடும் போன்களும் உண்டு. ஆகவே போன் முகவர் எதையும் முடிவுசெய்யாது. உரிமையாளரின் விருப்பத்தை ஏந்திச் செல்லும், நிலவரத்தைக் காட்டும், அவ்வளவே. மூன்று போனும் அணைந்திருந்தாலும் தோட்டத்தில் தண்ணீர் பாயும்.

செய்தி போவது குறுஞ்செய்தியாக. 2ஜி மோடம் வாங்கினால் 2ஜி உள்ள சிம் வேண்டும்; ஜியோவில் 2ஜி கிடையாது. மோடம் பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், குறைந்தது 3.4 வோல்ட் கேட்கும், 3.2 வோல்ட் இரும்பு பாஸ்பேட் செல்லில் அதை ஓட்ட முடியாது. தனியாக ஒரு லித்தியம்-அயான் செல்லும், மோடம் அருகிலேயே 1000 மைக்ரோஃபாரடும் வேண்டும்.

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான். ஆங்கிலத்தைப் போல 160 இல்லை. கண்ணுக்கு ‘நின்றது’ நான்கு எழுத்து, குறியீட்டில் ஏழு. “2ஆம் பங்கு: நின்றது 140 நிமி. காரணம் கரண்ட்” என்பது 43 இடத்தில் அடங்கும். பட்டன் போனில் தமிழ் தட்டுவது சிரமம் என்பதால் கட்டளை எண்ணில்: 1 என்றால் நிலவரம், 32 என்றால் 3-ஆம் பங்கு தன் முறையை 2-க்கு விடுகிறது. மிஸ்டு கால் கொடுத்தாலும் நிலவரம் திரும்பி வரும். அதிகம் பயன்படுவது அதுதான். முறை விடும் கட்டளை மட்டும் மூவருக்கும் நகல் போகும்.

உணரியும் உரமும்

மின்முனை இரண்டு குத்தும் மலிவு உணரி சில வாரத்தில் அரித்துப்போகும், வேண்டாம். கொள்ளளவு வகை பரவாயில்லை. ஆனால் அதில் இருக்கும் 555 சில்லு எது என்று பாருங்கள்: டிஎல்சி555 என்றால் 3.2 வோல்ட்டில் ஓடும், என்இ555 என்றால் ஒழுங்காக ஓடாது. பலகையின் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் ஏறும். எபாக்சி பூசி, மேல் பாதியை வெப்பக் குழாயால் மூட வேண்டும். ஒவ்வோர் உணரியையும் அதே வயலின் காய்ந்த மண்ணிலும், நனைத்து ஒரு நாள் வடியவிட்ட மண்ணிலும் வைத்து இரு எண் எடுத்து அந்த நோடிலேயே பதிய வேண்டும். ஒன்றின் எண் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பொட்டாஷ் வைத்த மறுநாள் எல்லாப் பாத்தியும் ‘ஈரம்’ என்று காட்டும். உப்பு ஏறினால் இந்த உணரி ஏமாறும். செயலியில் ‘உரம் வைத்தாச்சு’ பொத்தான் (பட்டன் போனில் 9) அழுத்தினால் ‘உரம்’ என்ற நம்பிக்கை மூன்று நாள் ஆயுளோடு பிறக்கும். அது உயிரோடிருக்கும் வரை பங்கு முகவர் மண் அளவை விட்டுவிட்டு, கடைசியாகப் பாய்ச்சிய நாளைக் கொண்டு கணிக்கும்.

விதி மாற்றம், நோடு மாற்றம்

அஜில்லாவைப் போல முகவரையே காற்றில் அனுப்ப வேண்டியதில்லை. 192 பைட் விதி அட்டவணை மட்டும் 12 பைட் துண்டுகளாகப் பதினாறு ஒப்புகையில் போகிறது. நோடு நாளுக்குப் பத்து முறைதான் காது கொடுக்கும் என்பதால் ஒரு மாற்றம் போய்ச் சேர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும்; அவசரம் என்றால் வயலுக்கு நடந்துபோய்ப் பொத்தானை அமுக்கி நோடை எழுப்புங்கள். இஇப்ராமில் இரண்டு பிரதிக்கு இடம் உண்டு. பதினாறு துண்டும் வந்து கூட்டெண் (பிழை வந்ததா என்று சரிபார்க்கும் எண்) சரியானால்தான் புதியதற்கு மாறும். பாதியில் இருக்கும் நோடுகளும் மாறிவிட்ட நோடுகளும் ஒரே நேரத்தில் பேசும் காலத்தில், செய்தியில் உள்ள விதித்தொகுப்பு எண்ணைப் பார்த்து மோட்டார் ரூம் பொருள் கொள்ளும்.

கெட்ட நோடுக்குப் பதில் புதியதை அதே எண்ணில் வைத்தால் அதன் வரிசை எண் பூஜ்யத்தில் தொடங்கும். மோட்டார் ரூம் அதைத் திருட்டுச் செய்தி என்று தள்ளிவிடும். கடைசியாக ஏற்ற எண்ணை மோட்டார் ரூமின் திரையில் பார்த்து, அதோடு 100 கூட்டிப் புதிய நோடில் பதியுங்கள். பழைய நோடின் இரு மண் எண்களை அழித்து, புதிய உணரிக்கு மறுபடி எடுங்கள். பிறகு அந்தப் பங்கின் எல்லா மண் நம்பிக்கைக்கும் ‘செத்தது’ குறி போட்டு, இரண்டு உயிர்ச்செய்தி வந்து சேரும் வரை மோட்டாரைக் கையால் ஓட்டுங்கள்.